காங்கா: முதலில் இடது கை, வேகம் அப்புறம்

புதுச்சேரியில் என்னிடம் காங்கா (கையால் வாசிக்கும் உயரமான கியூப மேளம்) பழக வருபவர்களில் பலர் தபலாவோ ஜெம்பே என்ற ஆப்பிரிக்க மேளமோ கொஞ்சம் வாசித்தவர்கள். அதனால் வந்ததுமே யூடியூபில் பார்த்த காங்கா கலைஞர் ஜியோவன்னி ஹிடால்கோவின் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். அது கைக்கு வரும், ஆனால் பழைய கியூப முறை ஏறாமல் வராது. ஹிடால்கோவே கியூபாவின் தாளக் கலைஞர் சங்கிட்டோவிடம் கற்றவர், குச்சியால் வாசிக்கும் ஸ்னேர் டிரம்மின் பாடங்களைக் காங்காவுக்குக் கொண்டுவந்தபோது அந்த அடித்தளம் அவர் கையில் இருந்தது.

கியூபாவின் ஆட்டமும் பாட்டுமான பழைய ரும்பாவில் ஆளுக்கு ஒரு மேளம்தான், ஒருவரே இரண்டு மூன்று வாசிப்பதைப் பிரபலமாக்கியவர் கியூபக் கலைஞர் கான்டிடோ கமேரோ. நீங்களும் ஒன்றோடு தொடங்குங்கள்.

எட்டு எண்ணுங்கள், மெதுவாக. 1 இடது உள்ளங்கையின் அடிப்பாகம், 2 இடது விரல்கள், 3 வலது ஸ்லாப், அதாவது சுளீரென்ற அறை (இடது விரல்கள் தோலை அழுத்தியபடியே இருக்க வேண்டும், அப்போதுதான் சத்தம் வெட்டினாற்போல் வரும்), 4 இடது விரல்கள், 5 மறுபடி அடிப்பாகம், 6 விரல்கள், 7, 8 இரண்டும் வலது கையில் திறந்த அடி. இதுதான் தும்பாவ், காங்காவின் அடிப்படைத் தாளம். திறந்த அடியில் விரல்கள் சேர்ந்து விழுந்து உடனே எழும்ப வேண்டும், தோலில் தங்கினால் நாதம் செத்துவிடும். தபலா பழகிய கை விரலிலேயே எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள், முன்கையின் எடை இறங்கட்டும். 1, 2, 4, 5, 6 பெரிதாகக் கேட்காது, ஆனால் தாளம் ஓடுவது அவற்றில்தான்.

இனி க்ளாவே, கியூப இசையைத் தாங்கும் ஐந்து தட்டுத் தாளம். பதினாறு எண்ணிக்கையில் 1, 4, 7, 11, 13 இல் யாராவது கை தட்டட்டும், நீங்கள் தும்பாவை இரண்டு முறை வாசியுங்கள். இது சோன் என்ற கியூப இசைவகையின் க்ளாவே. ரும்பாவில் 7 மட்டும் 8க்குத் தள்ளிப் போகும், அவ்வளவுதான், ஆனால் உடம்பு மொத்தமும் வேறு மாதிரி ஆடும்!

தோலையும் கவனியுங்கள். ஒரு காலத்தில் காங்காவின் தோலை ஆணியடித்து, நெருப்பில் காட்டித்தான் சுருதி ஏற்றினார்கள், நம் பறைக்குச் செய்வதுபோலவே. இப்போது நட்டைத் திருகினால் போதும். கடற்காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், மாட்டுத்தோல் தளர்ந்துவிடும் என்பதால் வாசிக்கும் முன் எல்லா நட்டையும் சமமாகக் கால் சுற்று திருகுங்கள், முடித்ததும் தளர்த்திவிடுங்கள்.

தும்பாவ் தடுமாறாமல் ஓடினால் நவீன முறைக்குப் போகலாம். இடது கை செய்த அந்த அடிப்பாகம், விரல் அசைவை வலது கைக்கும் கொடுங்கள்: இடது இரண்டு, வலது இரண்டு, மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 இல். சத்தம் இரு பக்கமும் ஒன்றாகக் கேட்ட பிறகு அதே வரிசையைத் திறந்த அடியாக மாற்றுங்கள். வேகத்தை ஐந்தைந்தாக ஏற்றுங்கள், நாதம் மங்கினால் பழைய எண்ணுக்கே இறங்கிவிடுங்கள்.