நாயில் அளந்த கிளியரன்ஸிலிருந்து மனிதனுக்குக் கணிப்பது எப்படி?

கொழும்பில் மருந்தியல் படிப்பவரும் மிருக வைத்தியம் படிப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்யக்கூடிய கணக்கு இது. கிளியரன்ஸ் என்றால், உடல் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்திலிருந்து மருந்தை முழுதாக அகற்றுகிறது என்ற அளவு. காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம். லிப்ரே ஆபிஸ் கணக்குத்தாளில் தொடங்குங்கள், கை பழகியதும் ஆர் என்ற நிரல்மொழிக்குப் போங்கள். ஒவ்வோர் உறுப்பாக மாதிரி கட்ட பி.கே.-சிம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஆனால் அதில் தொடங்கினால் எந்த எண் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது.

படி 1: எடை, கிளியரன்ஸ், பரவல் கனவளவு (மருந்து உடலில் பரவியிருப்பதுபோலத் தோன்றும் கனவளவு) மூன்றையும் எழுதுங்கள். நாளத்தில் ஏற்றிய மருந்தின் தரவையே எடுங்கள். வாய்வழித் தரவில் உறிஞ்சப்படாமல் போன பங்கும் கலந்திருக்கும். நாயின் எடை தராசில் நிறுத்ததாக இருக்கட்டும். தெருநாய்தானே, 10 கிலோ இருக்கும் என்று ஊகிக்காதீர்கள்.

படி 2: பெரும்பாலான பிழை இங்கேதான். 10 கிலோ நாயில் கிளியரன்ஸ் கிலோவுக்கு நிமிடத்துக்கு 10 மில்லிலீற்றர் என்று வைப்போம். முதலில் எடையால் பெருக்கி முழு உடலுக்கு மாற்றுங்கள்: 100. எடை கூடும் அளவுக்குக் கிளியரன்ஸ் கூடாது என்பதால் எடை விகிதத்துக்கு 0.75 என்ற அடுக்கு போடுகிறோம். பிறகு (70 ÷ 10)^0.75 = 4.30 ஆல் பெருக்கினால், 70 கிலோ மனிதனுக்கு நிமிடத்துக்கு 430 மில்லிலீற்றர். எடையால் பெருக்காமல் அந்த 10ஐயே 4.30 ஆல் பெருக்கினால் கிலோவுக்கு 43, அதாவது முழு உடலுக்கு 3,010. மனித ஈரலுக்குள் நிமிடத்துக்கு ஓடும் இரத்தமே ஏறக்குறைய 1,500 மில்லிலீற்றர்தான். ஈரலில் அழியும் மருந்துக்கு 3,010 எப்படி வரும்? இந்தச் சரிபார்ப்புக்கென்று தாளில் ஒரு கலம் எப்போதும் வைத்திருங்கள்.

படி 3: கனவளவின் அடுக்கு 1. கிலோவுக்கு 1 லீற்றர் என்றால் நாயில் 10, மனிதனில் 70. அரை ஆயுட்காலம் (மருந்து பாதியாகக் குறையும் நேரம்) = 0.693 × கனவளவு ÷ கிளியரன்ஸ். கனவளவை மில்லிலீற்றராக மாற்றிப் போட்டால் நாயில் 69 நிமிடம், மனிதனில் 113.

படி 4: புரதப் பிணைப்பு. இரத்தப் புரதத்தோடு ஒட்டாத கட்டற்ற பங்கு நாயில் 0.2, மனிதனில் 0.05 என்றால், ஈரல் மெதுவாக அகற்றும் மருந்தில் 430ஐ 0.05 ÷ 0.2 ஆல் பெருக்க வேண்டும்; அது ஏறக்குறைய 108 ஆக இறங்கிவிடும். இதைத் தவிர்த்துவிட்டு அடுக்கு 0.75ஆ 0.67ஆ என்று வாதாடுவது வீண்.

பின்னர் சேர்த்தது: கொலி இன நாய்களின் தரவைக் கலக்காதீர்கள். மருந்தை மூளைக்குள் விடாமல் வெளியே தள்ளும் புரதத்துக்கான எம்.டி.ஆர்.1 மரபணுவில் அவற்றில் பலவற்றுக்கு மாற்றம் உண்டு. ஐவர்மெக்டின் அதிக அளவில் போனால் மூளைக்குள் ஏறிவிடும். பூனையையும் சேர்க்கலாமா? பாரசிற்றமோல் போல குளுக்குரோனைட் இணைப்பால் (ஈரல் ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டவைப்பதால்) வெளியேறும் மருந்துக்கு வேண்டாம். அதற்கான முக்கிய நொதியொன்று பூனையில் வேலை செய்யாது; அதை எந்த அடுக்காலும் ஈடுகட்ட முடியாது.