ஷெல் ஸ்கிரிப்டில் மாறிகளின் பெயரும் மேற்கோள் குறியும்

பாஷ் என்பது நாம் தரும் கட்டளைகளை இயக்கும் ஷெல் நிரல்களில் ஒன்று. பாஷ் ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பில்) மதிப்புகளைச் சேமிக்க நாம் உருவாக்கும் மாறிகளுக்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளிலேயே பெயரிடுவது நல்லது. பாத் (PATH), ஹோம் (HOME) போன்ற, முன்பே அமைந்திருக்கும் சூழல் மாறிகள் பெரிய எழுத்துகளில் இருப்பதால், ஒரு கோப்பின் இருப்பிடத்தைச் சேமிக்க நாமும் பெரிய எழுத்தில் பாத் என்று எழுதிவிட்டால், கட்டளைகளை எங்கெங்கே தேடுவது என்று அதில் இருந்த பட்டியல் அழிந்துபோய், அடுத்த வரியிலுள்ள, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளையைக்கூட ஷெல்லால் கண்டுபிடிக்க முடியாது. (இசட்ஷெல் என்னும் மற்றொரு ஷெல்லில் சிறிய எழுத்து பாத்தும் இதே வேலையைச் செய்துவிடும் என்பதால், அந்தப் பெயரையே தவிர்த்துவிடலாம்.) மாறியின் மதிப்பைக் கட்டளைக்குக் கொடுக்கும்போது அதை இரட்டை மேற்கோளுக்குள் இடுங்கள், இல்லையெனில், நடுவே இடைவெளியுள்ள கோப்புப்பெயரை, கோப்புகளை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளை இரண்டு பெயர்களாக எடுத்துக்கொண்டு வேறொரு கோப்பை அழித்துவிடக்கூடும். வரியின் தொடக்கத்தில் விடும் உள்தள்ளல் இரண்டு இடைவெளியா நான்கா என்பது என் பார்வையில் பெரிய விஷயமன்று, கோப்பு முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் போதும். மேற்கோள் விடுபட்ட இடங்களை ஷெல்செக் என்னும் இலவசக் கருவி வரி எண்ணுடன் சுட்டிக்காட்டும்.