படித்தவர்கள் கூடும் இடத்தில் ஆண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் பல ஆண்டுகள் கூட்டக் குறிப்பு எழுதியவன் நான். ஒருநாள் பழைய கூட்டமொன்றின் ஒலிப்பதிவைக் கேட்டபடி குறிப்பேட்டைப் புரட்டினேன். அன்றைய விவாதத்தையே திருப்பிப்போட்ட கேள்விக்கு நேராக ஒரு நண்பரின் பெயரை எழுதியிருந்தேன். ஒலிப்பதிவில் அதே கேள்வியை இருபது நிமிடம் முன்பே ஒரு தோழி கேட்டிருக்கிறார். அவர் முடித்ததும் சிறு மௌனம், யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம், பிறகு வேறு பேச்சு. நண்பர் சொன்னபோது மட்டும் “ஆமா, இதுதான் விஷயம்” என்று ஒரு குரல் முந்திக்கொண்டு எழுகிறது. அது என் குரல்.

பெண்களை மட்டம் தட்ட வேண்டும் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. “நான் அப்படிப்பட்டவன் இல்லை” என்ற அந்த நிம்மதிதான் முதல் தவறு. நிறைய வாசித்தவர்களுக்கு இந்த நிம்மதி இன்னும் எளிதாக வந்துவிடுகிறது. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஆய்வக வேலைக்கான ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். சிலருக்குப் போனதில் ஜான் என்ற பெயர், மற்றவர்களுக்குப் போனதில் ஜெனிஃபர். ஜானையே கூடுதல் திறமைசாலி என்றார்கள். ஆண்டுச் சம்பளமாகச் சராசரியாக 30,200 டாலர் வரை தரலாம் என்றார்கள். ஜெனிஃபருக்கு 26,500தான். பெண் பேராசிரியர்களின் மதிப்பீடும் இப்படியே இருந்தது. ஆதாரத்தை எடைபோடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இவர்கள்.

‘ஆண் என்பதால் கிடைக்கும் சலுகை’ என்றதும் நம்மில் பலருக்குக் கோபம் வரும். நான் உழைத்துத்தானே வந்தேன், யார் எனக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்போம். யாரும் கையில் எதையும் கொடுத்திருக்க மாட்டார்கள்தான். ஆனால் பேசத் தொடங்கும்போது யாராவது நடுவில் வெட்டிவிடுவார்களோ என்று நான் ஒருநாளும் வார்த்தைகளைச் சுருக்கியதில்லை. அந்தக் கவலை இல்லாத மனதோடு யோசிக்க முடிவதே பெரிய சலுகை. பதவியும் இதிலிருந்து காப்பாற்றுவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்ற வாதங்களை அலசி 2017இல் வெளிவந்த ஆய்வு, அங்கும் ஆண் நீதிபதிகளைவிடப் பெண் நீதிபதிகளின் பேச்சில்தான் அதிகம் குறுக்கிடுகிறார்கள் என்று காட்டியது.

கேள்வி நேரத்தில் முதலில் கை தூக்கியவரையே கூப்பிடுவது நியாயம்போலத் தெரியும். 10 நாடுகளில் ஏறக்குறைய 250 கல்விக் கருத்தரங்குகளைக் கவனித்தவர்கள், முதல் கேள்வியை ஆண் கேட்ட அரங்குகளில் பெண்கள் கேட்ட கேள்விகள் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். கூட்டம் நடத்துபவர் முதல் வாய்ப்பைப் பெண்ணுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்; ஒரு பைசா செலவில்லை. அறிமுகப்படுத்தும்போது ஆணுக்கு ‘டாக்டர்’, ‘பேராசிரியர்’ என்று சொல்லிவிட்டு, அதே பட்டம் பெற்ற பெண்ணை வெறும் பெயரால் அழைப்பதும் இதே வகைத் தவறுதான்.

பாராட்டில் நடக்கும் தவறுகள் இன்னும் நுட்பமானவை. “பெண்ணாக இருந்தும் எவ்வளவு கூர்மை!” என்பதில் வரும் ‘இருந்தும்’ எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கிறது. 1967இல், சீரான துடிப்புபோல ரேடியோ அலைகளை அனுப்பும் விண்மீன்களான பல்சார்களின் முதல் சமிக்ஞையைத் தரவுத் தாள்களில் கண்டுபிடித்தவர் ஆய்வு மாணவி ஜோசலின் பெல். செய்தியாளர்கள் அவருடைய வழிகாட்டியிடம் அறிவியலைக் கேட்டார்கள். பெல்லிடம் எத்தனை காதலர்கள், கூந்தல் என்ன நிறம் என்று கேட்டார்கள். பின்னாளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். 1974இல் நோபல் பரிசு வழிகாட்டிக்கும் இன்னொரு ஆணுக்கும் போனது. பெண் விஞ்ஞானிகளின் பணி ஆண்களின் கணக்கில் சேர்ந்துவிடும் இந்த வழக்கத்துக்கு 1993இல் மார்கரெட் ராசிட்டர் என்ற வரலாற்றாசிரியர் ‘மட்டில்டா விளைவு’ என்று பெயர் வைத்தார். என் குறிப்பேட்டில் நடந்ததும் அளவில் சிறிய அதே வேலைதான்.

அறிவுலகத்துக்கே உரிய தவறு ஒன்று உண்டு. ஒரு பெண் தனக்கு நேர்ந்த அவமதிப்பைச் சொல்கிறார். உடனே நாம், “எதிர்த்தரப்பையும் யோசிச்சுப் பார்ப்போமே”, “இதைத் தர்க்கரீதியா அணுகலாமே” என்று ஆரம்பிக்கிறோம். நமக்கு அது மாலைநேர விவாதப் பயிற்சி. அவருக்கோ, காலையில் நடந்ததைத் தானே நிரூபிக்க வேண்டிய வழக்காகிவிடுகிறது. குரல் கொஞ்சம் உயர்ந்தால் ‘உணர்ச்சிவசப்படாதீங்க’ என்போம். அதே குரலில் ஓர் ஆண் பேசினால் ‘தீவிரமான ஆள்’ என்போம். அவர் கேட்காதவரை ஆலோசனையும் எதிர்வாதமும் வேண்டாம். முழுக்கக் கேளுங்கள்.

தவறு தெரிந்த பிறகும் ஒரு தவறு காத்திருக்கிறது. நீட்டி முழக்கி மன்னிப்புக் கேட்டால், கடைசியில் அவர்தான் நம்மைத் தேற்ற வேண்டியிருக்கும். நான் நண்பரின் பெயரை அடித்துவிட்டுத் தோழியின் பெயரை எழுதினேன். அடுத்த கூட்டத்தில் அந்தத் திருத்தத்தை இரண்டே வரியில் வாசித்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அன்னைக்கு அந்தக் கேள்வியில இன்னொரு பாதி இருந்துச்சு. அதைச் சொல்லவே இல்லை” என்றார். அன்று மீதி நேரம் முழுவதும் அந்த இன்னொரு பாதியைப் பற்றித்தான் பேசினோம்.