கத்திரி வெயிலில் பவளத் தொட்டியை 27 டிகிரியில் நிறுத்துவது

என் பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் உப்புநீர் மீன்தொட்டி, 60 லிட்டர். வீடு மதுரை ஆனையூரில், மேல்மாடி. தலைக்கு மேலே நேராக மொட்டை மாடி. சித்திரை பிறந்தால் இரவு பத்து மணிக்கும் கூரையிலிருந்து சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த வீட்டில்தான் ஆறு வருடமாக இரண்டு கிளவுன் மீன்களும், மஷ்ரூம், சோவாந்தஸ், லெதர் என்று மென்பவளங்களும் வளர்க்கிறேன். கல்போல் கெட்டியான கூடு கட்டும் கல் பவளம் கிடையாது. 2001 முதல் அது வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பவளத்தின் சதைக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவில்தான் பவளத்தின் பிழைப்பே. நீர் சூடேறி அப்படியே நின்றால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 கோடைகளில் இப்படி வெளுத்தது. கடலுக்கே அந்தக் கதி என்றால் 60 லிட்டர் எம்மாத்திரம்?

24 முதல் 27 டிகிரி வரை நல்லது. கோடையில் நான் 27-ஐத்தான் குறி வைக்கிறேன், 25-ஐ அல்ல. முதல் வருடம் தொட்டி படுக்கையறையில் இருந்தது. இரவில் ஏசி ஓடும், விடியும்போது நீர் 25. பகலில் அறையைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன், சாயங்காலம் 30. இரண்டு வாரம் லெதர் பவளம் சுருங்கியே கிடந்தது. ஏசி இல்லாத கூடத்துக்கு மாற்றி 27-லேயே நிறுத்தினேன், நான்காம் நாள் விரிந்தது. ஒரு நாளைக்குள் ஒரு டிகிரிக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. 27-ஆ 25-ஆ என்பதைவிட அது முக்கியம்.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சிம்மக்கல்லில் மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார் எத்தனை வாட்ஸ் இழுக்கிறதோ அத்தனையும் கடைசியில் சூடாகத் தண்ணீரில்தான் சேரும். 20 வாட்ஸ் பம்ப் ஒரு நாளில் அரை யூனிட் எரிக்கும். அந்தச் சூடு வெளியேறவே வழி இல்லை என்றால் 60 லிட்டர் நீரைக் கிட்டத்தட்ட ஏழு டிகிரி ஏற்றிவிடும். நான் 8 வாட்ஸ் டிசி பம்புக்கு மாறினேன், செலவழித்ததில் இதுதான் உருப்படியான செலவு. விளக்கை மாலை ஆறு முதல் நள்ளிரவு இரண்டு வரை எரியவிடுகிறேன். பகல் வெயிலும் விளக்குச் சூடும் ஒரே நேரத்தில் தாக்காது. பழைய நேரத்திலிருந்து தினம் அரை மணி நேரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள்.

அப்புறம் மின்விசிறி. அம்மா மண்பானையைக் காற்று வரும் ஜன்னல் பக்கமாகத்தான் வைப்பார். பானை கசிந்து, கசிவு ஆவியாகி, உள்ளே இருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். தொட்டியிலும் அதே வேலைதான். 60 லிட்டரில் 100 மில்லி ஆவியானால் சுமார் ஒரு டிகிரி சூட்டைக் கொண்டுபோகும். கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் விசிறி இரண்டை நீர்மட்டத்துக்கு மேலே சாய்வாகப் பொருத்தி, மேற்பரப்பைத் தடவிப்போகும்படி ஊதவிடுங்கள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளாமல் கொசுவலை கட்டுங்கள். கோடையில் மதுரைக் காற்று காய்ந்த காற்று, அதனால் இந்த முறை இங்கே நன்றாகவே எடுபடுகிறது. என் தொட்டி 31-லிருந்து 27-க்கு இறங்கியது. ஐப்பசி மழையில் காற்று ஈரமாக இருக்கும், விசிறிக்கு அவ்வளவு பலன் இருக்காது. ஆனால் அப்போது வெயிலும் இருக்காது.

விசிறியைக் கையால் போட்டு நிறுத்தினால் மறந்துபோகும். நீரின் சூட்டைப் பார்த்துத் தானே போட்டு நிறுத்தும் எஸ்டிசி 1000 மாதிரி ஒரு கன்ட்ரோலர் வாங்கி 27-இல் வையுங்கள், அரை டிகிரி வித்தியாசம் போதும். சென்சார் நீரோட்டத்துக்கு நடுவே, விளக்கிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். அது நழுவி வெளியே வந்தால் காற்றின் சூட்டைத் தொட்டியின் சூடு என்று நினைத்துக்கொள்ளும், ஆகவே இறுக்கிக் கட்டுங்கள். கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். டிஜிட்டல் ஒன்றை வாங்கி, உருகும் பனிக்கட்டி நீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பாருங்கள்.

விசிறி போட்டவர்கள் கோட்டைவிடுவது உப்பில். நீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயேதான் இருக்கும். கத்திரியில் எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் குறைகிறது. ஊற்றாமல் விட்டால் ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்கும் உப்பு மறுநாளே 36-ஐத் தாண்டிவிடும். குறைந்ததை உப்பு நீரால் நிரப்பாதீர்கள், ஆர்ஓ நீர் மட்டும். குடிக்கும் ஆர்ஓவில் சுவைக்காக ஆர்ஓவில் வடியாத நீரைக் கொஞ்சம் கலந்துவிடும் டிடிஎஸ் வால்வை மூடிவிட்டுப் பிடியுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், தினம் இரண்டு லிட்டர் என்றால் ஒரே மாதத்தில் 60 லிட்டர் போர் தண்ணீரில் இருக்கும் கசடு தொட்டியில் சேர்ந்துவிடும். மிதவை வால்வு வைத்து ஒரு கேனிலிருந்து சொட்டுச் சொட்டாக விழ விட்டிருக்கிறேன். முடியாதவர்கள் காலை, மதியம், இரவு என்று பிரித்து ஊற்றுங்கள்.

கரண்ட் போனால் சூட்டுக்கு முன்னால் மூச்சைக் கவனியுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, பம்பும் நின்றிருக்கும். பம்ப், விசிறிகள், கன்ட்ரோலர் எல்லாவற்றையும் இன்வெர்டரில் போட்டுவிடுங்கள், எல்லாம் சேர்ந்து 20 வாட்ஸ்கூட வராது. இன்வெர்டர் இல்லாதவர்கள் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றாவது வைத்திருங்கள். நீர் 29-ஐத் தாண்டினால் ஃப்ரீசரில் உறையவைத்த அரை லிட்டர் பாட்டிலை மூடியோடு மிதக்கவிடலாம். என் தொட்டியில் அது ஒரு டிகிரி இறக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஐஸ்கட்டியை நேராகப் போடவும் கூடாது, உப்பு இறங்கிவிடும்.

நீரைக் குளிரவைக்கும் இயந்திரமான சில்லர் நல்ல சாமான்தான். ஆனால் நீரிலிருந்து எடுத்த சூட்டை அறைக்குள்தான் கக்கும். பூட்டிய அறையில் வைத்தால் அது இழுத்ததே திரும்பத் தொட்டிக்கு வரும். பால்கனிப் பக்கம் வைக்க வழி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

மார்கழி விடியலில் என் தொட்டி 23 வரை போயிருக்கிறது. 50 வாட்ஸ் ஹீட்டரை 25-இல் வைத்து அதே கன்ட்ரோலரின் ஹீட்டர் பக்கத்தில் மாட்டுகிறேன். ஹீட்டர் தன் பாட்டுக்கு அணையாமல் ஒட்டிக்கொண்டாலும் கன்ட்ரோலர் அணைத்துவிடும். கார்த்திகையிலிருந்து குறியை 27-லிருந்து 25-க்கு வாரத்துக்கு அரை டிகிரியாக இறக்கிக்கொண்டு வருவேன், மாசிக்குப் பிறகு அதே நிதானத்தில் ஏற்றுவேன். காலை ஆறு மணி, மதியம் மூன்று மணி அளவை ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். நான் கடையில் இருக்கும்போது மூன்று மணி அளவை மகள் எழுதுகிறாள்.