ஜாவா சர்வ்லெட்டில் எக்ஸ்எம்எல் கோப்பைப் படித்தல்: ஜிபிஎக்ஸ் கோப்பை வைத்து ஒரு செய்முறை

தரவைப் பெயரிட்ட உறுப்புகளுக்குள் வைத்து எழுதும் எக்ஸ்எம்எல் கோப்பைப் படிக்கும் ஜாவா நிரலை நம் கணினியில் எழுதி ஓட்டிப் பார்ப்பது எளிது. அதே நிரலைச் சர்வரில் வைத்து, யார் வேண்டுமானாலும் கோப்பை ஏற்றலாம் என்று திறந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. கோப்பு எவ்வளவு பெரியது, அதற்குள் என்ன இருக்கிறது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் அனுப்புகிறார்கள் என்பவற்றில் எதுவும் நம் கையில் இல்லை. இந்தச் செய்முறையில் நாம் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் இந்த மூன்றையும் மனத்தில் வைத்தே எடுக்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக ஜிபிஎக்ஸ் கோப்பை எடுத்துக்கொள்வோம். மலையேறுபவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் கைக்கடிகாரத்திலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ எடுக்கும் வழித்தடப் பதிவு இந்த வடிவத்தில்தான் பெரும்பாலும் வரும். 2004ஆம் ஆண்டு வெளியான 1.1 பதிப்பே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கோப்பின் வேர் உறுப்பு ஜிபிஎக்ஸ். அதற்குள் டிஆர்கே என்ற தடம், தடத்துக்குள் டிஆர்கேசெக் என்ற துண்டுகள், துண்டுக்குள் டிஆர்கேபிடி என்ற புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் லாட், லான் என்ற பண்புகளாகவும், மீட்டரில் உயரம் இஎல்இ என்ற உள் உறுப்பாகவும் இருக்கும். கோப்பை ஏற்றினால் புள்ளிகளின் எண்ணிக்கை, மொத்தத் தொலைவு, அதிகபட்ச உயரம் ஆகியவற்றைத் திருப்பித் தரும் ஒரு சர்வ்லெட்டை, அதாவது சர்வருக்கு வரும் இணையக் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா வகுப்பை, எழுதப் போகிறோம். வகுப்புகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். எடிட்டரில் முதல் சில எழுத்துகளைத் தட்டினாலே முழுப் பெயரையும் அது காட்டிவிடும்.

படி 1: தேவையானவை

ஜாவா 17, நிரலைத் தொகுத்துக் கட்டும் கருவியான மேவன், சர்வ்லெட்டை ஓட்டும் சர்வரான டாம்கேட் 10.1 ஆகிய மூன்றும் போதும். டாம்கேட்டின் பதிப்பெண்ணை அலட்சியம் செய்ய வேண்டாம். நிறுவனச் செயலிகளுக்கான ஜாவா தொகுப்பை ஆரக்கிள் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்த பிறகு, 2020இல் வந்த ஜகார்த்தா இஇ 9 பதிப்பில், ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறின. டாம்கேட் 9 பழைய பெயரையும் டாம்கேட் 10 புதிய பெயரையும் எதிர்பார்க்கின்றன. பழைய பாடத்தைப் பார்த்து ஜாவாஎக்ஸ் சர்வ்லெட்டை இம்போர்ட் செய்து டாம்கேட் 10இல் வைத்தால், பெரும்பாலும் பிழைச் செய்தி எதுவும் கண்ணில் படாமல் பக்கம் இல்லை என்னும் 404 மட்டுமே வரும். புதியவர்கள் முகவரியைத்தான் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள்.

குழப்பம் இதோடு முடியவில்லை. எக்ஸ்எம்எல் படிக்கும் வகுப்புகள் ஜாவாஎக்ஸ் எக்ஸ்எம்எல் என்ற பேக்கேஜில் இருக்கின்றன. அவை ஜாவாவின் அடிப்படைப் பதிப்பைச் சேர்ந்தவை என்பதால் அவற்றின் பெயர் மாறவில்லை. எனவே ஒரே கோப்பில் ஜகார்த்தா என்று தொடங்கும் இம்போர்ட்டும் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் இம்போர்ட்டும் அருகருகே இருப்பது சரியே. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றும் தேடல்-மாற்று கட்டளையை மட்டும் பயன்படுத்திவிடாதீர்கள்.

படி 2: திட்டக் கோப்பு

மேவனின் திட்டக் கோப்பான பாம் கோப்பில் பேக்கேஜிங் வகையை வார் (இணையச் செயலியை ஒரே கோப்பாகக் கட்டும் வடிவம்) என்று குறிப்பிடுங்கள். சார்புநிலையாக ஜகார்த்தா சர்வ்லெட் ஏபிஐயின் 6.0.0 பதிப்பைச் சேர்த்து, அதன் ஸ்கோப்பை ப்ரொவைடட் என்று வையுங்கள். இந்த வகுப்புகள் டாம்கேட்டிடம் ஏற்கெனவே இருப்பதால், நாமும் ஒரு பிரதியை வார் கோப்புக்குள் திணிக்கக் கூடாது. எக்ஸ்எம்எல்லுக்குத் தனி நூலகம் தேவையில்லை. ஃபைனல்நேம் என்ற இடத்தில் ட்ராக் என்று எழுதிக்கொள்ளுங்கள். இறுதியில் கிடைக்கும் வார் கோப்பின் பெயரும் அதுவே.

படி 3: எந்தப் பார்ஸர்?

எக்ஸ்எம்எல்லைப் படித்துப் பிரிக்கும் பார்ஸருக்கு ஜாவாவில் மூன்று வழிகள் உள்ளன. டாம் வழி முழுக் கோப்பையும் நினைவகத்தில் மரமாகக் கட்டி நிறுத்துகிறது. சாக்ஸ் வழி கோப்பை ஓட்டமாகப் படித்து, ஒவ்வோர் உறுப்பும் வரும்போது நம் செயற்கூறை அழைக்கிறது. ஸ்டாக்ஸ் வழியும் ஓட்டமாகத்தான் படிக்கிறது, ஆனால் அடுத்தது என்ன என்று கேட்கும் உரிமை நம்மிடம் இருக்கிறது. ஜாவா 6 முதல் இது உடன் வருகிறது.

பாடங்கள் பலவும் டாமிலிருந்தே தொடங்குகின்றன. சிறிய அமைப்புக் கோப்பைப் படிக்க அது வசதிதான். ஆனால் வினாடிக்கு ஒரு புள்ளி என்று பதிவு செய்யும் கடிகாரம் ஐந்து மணி நேரத்தில் 18,000 புள்ளிகளைச் சேர்த்துவிடும். மரமாக மாறும்போது அது கோப்பின் அளவைப் போலப் பல மடங்கு நினைவகத்தைப் பிடிக்கும். பலர் ஒரே நேரத்தில் ஏற்றினால் அத்தனை மரங்களும் ஒன்றாக நிற்கும். சாக்ஸில் வேறொரு தொல்லை: உறுப்புக்குள் இருக்கும் உரையை அது ஒரே தவணையில் தரும் என்ற உறுதி இல்லை. 1043.7 என்ற உயரம் 104 என்றும் 3.7 என்றும் இரண்டு அழைப்புகளாக வரக்கூடும். சேர்த்து வைத்துக்கொள்ளாத நிரல் சிறிய கோப்பில் சரியாகவும் பெரிய கோப்பில் எப்போதாவது தவறாகவும் விடை சொல்லும். ஆகவே இங்கே ஸ்டாக்ஸ்.

படி 4: படிக்கும் வகுப்பு

சர்வ்லெட்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் எழுதாமல், இன்புட்ஸ்ட்ரீம் ஒன்றை வாங்கி விடையைத் திருப்பித் தரும் தனி வகுப்பாக இதை எழுதுங்கள். சர்வர் இல்லாமலே சோதித்துப் பார்க்க அது உதவும்.

முதலில் எக்ஸ்எம்எல்இன்புட்ஃபேக்டரியை உருவாக்கி, உடனே இரண்டு பண்புகளை ஃபால்ஸ் என்று வையுங்கள்: ஒன்று டாக்டைப் பகுதியை ஏற்கும் சப்போர்ட் டிடிடி, மற்றொன்று வெளி என்டிட்டிகளை அனுமதிக்கும் பண்பு. எக்ஸ்எம்எல்லின் தொடக்கத்தில் வரும் டாக்டைப் பகுதியில் என்டிட்டி என்ற சுருக்கப் பெயரை அறிவிக்க முடியும். அது சர்வரின் வட்டில் இருக்கும் ஒரு கோப்பைச் சுட்டுவதாக எழுதியிருந்தால், கவனமில்லாத பார்ஸர் அந்தக் கோப்பைப் படித்து உரையாக உள்ளே வைத்துவிடும். பிழைச் செய்தியிலோ விடையிலோ அந்த உரை வெளியே போனால் கதை முடிந்தது. இன்னொரு தந்திரம், ஒரு என்டிட்டி முந்தையதைப் பத்து முறை குறிப்பதாக ஒன்பது அடுக்குகள் எழுதுவது: ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான கோப்பு விரிந்து நூறு கோடி சொற்களாகும். ஜிபிஎக்ஸ் கோப்புக்கு டாக்டைப் தேவையே இல்லை என்பதால் இந்தக் கதவை அடைப்பதில் நமக்கு இழப்பு ஏதுமில்லை.

அடுத்து, அந்த ஃபேக்டரியிடம் இன்புட்ஸ்ட்ரீமை நேரடியாகக் கொடுத்து எக்ஸ்எம்எல்ஸ்ட்ரீம்ரீடரைப் பெறுங்கள். இடையில் ரீடரோ ஸ்ட்ரிங்கோ வேண்டாம். கோப்பு எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்பது அதன் முதல் வரியிலேயே எழுதப்பட்டிருக்கும். பைட்டுகள் அப்படியே கிடைத்தால் பார்ஸரே அதைக் கண்டுகொள்ளும். நாமே எழுத்துகளாக மாற்றிக் கொடுத்தால், தடத்தின் பெயர் தமிழில் இருக்கும்போது அது கேள்விக்குறிகளாக மாறக்கூடும். கோப்பின் தலையில் பைட் வரிசைக் குறி இருந்தால் முதல் எழுத்திலேயே பிழை விழும்.

பிறகு ஹேஸ்நெக்ஸ்ட் உண்மையாக இருக்கும்வரை நெக்ஸ்டை அழைக்கும் சுழற்சி. தொடக்க உறுப்பு நிகழ்வு வந்தால் லோக்கல்நேம் என்ன என்று பாருங்கள். டிஆர்கேபிடி என்றால் எண்ணிக்கையை ஒன்று கூட்டி, லாட், லான் பண்புகளை டபுளாக மாற்றி, முந்தைய புள்ளி இருந்தால் ஹேவர்சைன் சூத்திரத்தால் தொலைவைக் கணக்கிட்டுச் சேருங்கள். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். டிஆர்கேசெக் என்றால் முந்தைய புள்ளியை நல் (மதிப்பு இல்லை) ஆக்கிவிடுங்கள். சமிக்ஞை அறுந்து மீண்டும் கிடைக்கும்போதுதான் புதிய துண்டு தொடங்குகிறது என்பதால், இரண்டு துண்டுகளுக்கு இடையே நேர்க்கோடு போட்டுத் தொலைவைக் கூட்டுவது தவறு. இஎல்இ என்றால் கெட்எலிமென்ட்டெக்ஸ்டால் முழு உரையையும் ஒரே தடவையில் பெறலாம். ஆனால் தடத்துக்கு வெளியே குறித்து வைத்த இடங்களுக்கும், அதாவது டபிள்யூபிடி உறுப்புகளுக்கும், இஎல்இ உண்டு. புள்ளிக்குள் இருக்கிறோமா என்பதை ஒரு பூலியன் மாறியில் வைத்துக்கொள்ளாவிட்டால், ஏறவே ஏறாத சிகரம் அதிகபட்ச உயரமாக வந்து நிற்கும்.

ரீடரை மூடினால் அடியில் உள்ள ஸ்ட்ரீம் மூடப்படுவதில்லை. அதற்கெனத் தனியாக ட்ரை-வித்-ரிசோர்சஸ் எழுதுங்கள்.

படி 5: சர்வ்லெட்

எச்டிடிபிசர்வ்லெட்டை எக்ஸ்டெண்ட் செய்யும் வகுப்பின் மேல் வெப்சர்வ்லெட் அனோடேஷனில் முகவரியையும், மல்டிபார்ட்கான்ஃபிக் அனோடேஷனில் மேக்ஸ்ஃபைல்சைஸையும் எழுதுங்கள். அளவைக் குறிப்பிடாவிட்டால் வரம்பே இல்லை என்று பொருள். 10 மெகாபைட்டுக்கு 10485760. டூபோஸ்ட்டுக்குள் கெட்பார்ட் வழியாகக் கோப்பைப் பெற்று, அதன் இன்புட்ஸ்ட்ரீமை நம் வகுப்பிடம் கொடுத்தால் போதும்.

எண்ணிக்கை, தொலைவு, உயரம் எதையும் சர்வ்லெட்டின் ஃபீல்டாக வைக்கக் கூடாது. சர்வ்லெட் பொதுவாக ஒரே ஒரு பொருளாக உருவாக்கப்பட்டு, பல த்ரெட்கள் அதே பொருளின் டூபோஸ்ட்டை ஒரே சமயத்தில் ஓட்டுகின்றன. ஃபீல்டில் வைத்தால் ஒருவரின் தொலைவு இன்னொருவரின் கணக்கில் ஏறும். எல்லாம் உள்ளூர் மாறிகளாக இருக்கட்டும்.

எக்ஸ்எம்எல்ஸ்ட்ரீம்எக்ஸெப்ஷன் வந்தால் கோரிக்கை தவறு என்னும் 400 அனுப்பி, கெட்லொகேஷன் தரும் வரி எண்ணைப் பயனரிடம் சொல்லுங்கள். அளவு மீறினால் கெட்பார்ட் இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷனை எறியும், அதற்கு அளவு மிகை என்னும் 413. இவை இரண்டையும் சர்வர் பிழை என்னும் 500 ஆக விட்டுவிட்டால், பயனரின் பழுதான கோப்புக்கும் நம் நிரலின் பிழைக்கும் லாக்கில் வேறுபாடு தெரியாது.

படி 6: நிறுவுதல்

எம்விஎன் க்ளீன் பேக்கேஜ் என்று கட்டளையிட்டால் டார்கெட் அடைவில் வார் கோப்பு உருவாகும். அதை டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் அடைவுக்குள் நகலெடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டாம்கேட் சில வினாடிகளில் அதைக் கண்டு விரித்துக்கொள்ளும். முகவரியில் 8080 போர்ட்டுக்குப் பிறகு வருவது வார் கோப்பின் பெயர், அதன் பிறகு அனோடேஷனில் எழுதிய பாதை. கர்ல் கட்டளையில் பெரிய எஃப் தேர்வைப் பயன்படுத்தி ஒரு ஜிபிஎக்ஸ் கோப்பை அனுப்பிப் பாருங்கள். நல்ல கோப்போடு நிறுத்தாமல், பாதியில் வெட்டிய கோப்பு, டாக்டைப் சேர்த்த கோப்பு, காலிக் கோப்பு, 11 மெகாபைட் கோப்பு ஆகியவற்றையும் அனுப்பி, எதிர்பார்த்த எண் திரும்புகிறதா என்று பாருங்கள்.

டாம்கேட்டுக்கு முன்னால், கோரிக்கைகளை முதலில் வாங்கி அதற்கு அனுப்பும் என்ஜினெக்ஸ் சர்வர் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோரிக்கையின் உடல் அளவுக்கு அதன் இயல்பு வரம்பு 1 மெகாபைட். அதை உயர்த்தாதவரை, 2 மெகாபைட் கோப்புக்கு வரும் 413 நம் நிரலிலிருந்து வந்தது அல்ல. அந்தக் கோரிக்கை டாம்கேட்டின் லாக்கை எட்டியிருக்கவே இருக்காது.