முதியோர் இல்லங்களில் தவறி விழுவதைத் தடுப்பது எப்படி?

முதியவர் ஒருவர் இல்லத்தில் சேர்ந்தவுடன், அவர் முன்பு எப்போதாவது விழுந்திருக்கிறாரா, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது விழுந்தார் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை விழுந்தவர் மறுபடியும் விழும் வாய்ப்பு அதிகம். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். அதற்கு 12 நொடியோ அதற்கு மேலோ பிடித்தால் கூடுதல் கவனம் தேவை. நேரத்தைவிட, திரும்பும்போது கால் தடுமாறுகிறதா, கை சுவரைத் தேடுகிறதா என்று பார்ப்பதே அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

இரவில் கழிப்பறைக்கு அவசரமாக எழும் நேரத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மணியடித்தும் யாரும் வராததால் தாமே எழுந்துவிடுபவர்கள் உண்டு. ஆகவே அவரவர் வழக்கமாக எழும் நேரத்துக்குச் சற்று முன்பே பணியாளர் சென்று அழைத்துப்போவது நல்லது. படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றக்கூடும் என்பதால், இரு பாதங்களும் தரையில் பதியுமாறு கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் அசைத்த பின்னரே நிற்கச் செய்யுங்கள். தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை போன்றவற்றை மருத்துவர் அவ்வப்போது மறுபரிசீலனை செய்ய வேண்டும். பணியாளர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.

வழுக்காத காலணி, ஈரமில்லாத தரை, கழிப்பறையில் கைப்பிடி ஆகியவை எல்லோரும் அறிந்தவையே. ஆனால் கட்டிலின் பக்கத் தடுப்பை உயர்த்தி ஒருவரை அடைத்து வைப்பது பாதுகாப்பு அன்று. அதைத் தாண்ட முயல்பவர் இன்னும் உயரத்திலிருந்து விழுவார்.

யாரேனும் விழுந்துவிட்டால் உடனே தூக்கி நிறுத்தாமல், வலி எங்கே என்று கேட்டு, தலையில் அடிபட்டிருந்தால், குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவராயின், தாமதமின்றி மருத்துவ உதவியை அழையுங்கள்.