ஜப்பானிய எழுத்து லினக்ஸில் சீன வடிவத்தில் வந்தால்

விண்டோஸில் மெய்ரியோ எழுத்துருவில் அடித்த ஜப்பானிய ஆவணத்தை உபுண்டு லினக்ஸின் லிப்ரே ஆபிஸில் திறந்தேன். கட்டம் கட்டமாக எதுவும் வரவில்லை, எல்லாம் சரியாகவே தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் 76எஃப்4 என்ற யூனிகோடு எண்ணுள்ள எழுத்தில் வித்தியாசம். ஜப்பானிய வடிவில் இடப்பக்கம் இறங்கி அடியில் வலமாக மடங்கும் கோடு இருக்கும். திரையில் அதற்குப் பதில் தட்டையான அடிக்கோடு. அது சீன வடிவம்.

சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துருக்கள் அடங்கிய நோட்டோ சிஜேகே தொகுப்பை நீக்கித் திரும்ப நிறுவினேன், ஜப்பானிய மொழிப்பொதியையும் சேர்த்தேன். பலனில்லை. பிடிஎஃப் ஆக்கினாலும் அதே வடிவம்தான்.

காரணம், யூனிகோடு இரு நாட்டு வடிவங்களுக்கும் ஒரே எண் கொடுத்திருக்கிறது. மெய்ரியோ இல்லாதபோது, லினக்ஸில் மாற்று எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் ஃபான்ட்கான்ஃபிக்கின் வரிசையில் முதலில் அகப்படும் எழுத்துருவின் வடிவமே வரும். எந்த எழுத்துரு வருகிறது என்பதை எஃப்சி-மேட்ச் கட்டளையில் மெய்ரியோ என்று கொடுத்துச் சோதிக்கலாம். அதில் கோப்பின் பெயரை நம்பக் கூடாது. ஜப்பான், சீனா, கொரியா எல்லாம் ஒரே டிடிசி (பல எழுத்துருக்களைச் சேர்த்து வைக்கும்) கோப்புக்குள் இருக்கின்றன. மேற்கோள்குறிக்குள் வரும் பெயரின் கடைசி இரண்டு எழுத்து ஜேபியா (ஜப்பான்) எஸ்சியா (எளிய சீனம்) என்பதே முக்கியம்.

வீட்டு அடைவில் .கான்ஃபிக் (முன்னால் புள்ளி உண்டு), அதனுள் ஃபான்ட்கான்ஃபிக் அடைவுக்குள் ஃபான்ட்ஸ்.கான்ஃப் கோப்பில் மெய்ரியோவுக்கும் பொதுப்பெயரான சான்ஸ்-செரிஃபுக்கும் தனித்தனி ஏலியாஸ் (மாற்று எழுத்துருக் குறிப்பு) எழுதி, முன்னுரிமை சொல்லும் ப்ரிஃபர் பகுதியில் நோட்டோ சான்ஸ் சிஜேகே ஜேபி என்று போட்டேன். லிப்ரே ஆபிஸை முழுதாக மூடித் திறந்ததும் மடங்கிய கோடு வந்துவிட்டது. அப்பாடா!

கோப்பு வேறு கணினிக்கும் போகுமானால், எழுத்து வடிவமைப்பில் ஆசிய உரையின் மொழியை ஜப்பானியம் என்றும் குறித்துவிடுங்கள். வலைப்பக்கமானால் மொழியைக் குறிக்கும் லாங் பண்பில் ஜேஏ என்று போடுங்கள்.